"இது யாருன்னு தெரியுதா டீச்சர்?"

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, உட்கார இடம் கிடைத்த பிறகு படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ராத்திரி நேரம். எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்தில் ஒரு கிரேனின் இரும்புச் சட்டம். அதன்மேல் வெள்ளை முகத்தோடு ஒரு பறவை. உடம்பு அசையாமல் தலையை மட்டும் திருப்பி கேமராவைப் பார்க்கிறது. அவ்வளவுதான் வீடியோ. கீழே ஒரே வரி: "இது யாருன்னு தெரியுதா டீச்சர்?"

உடனே குழுவில் ஆளுக்கொன்று எழுதினீர்கள். ஒருவர் வெளிநாட்டுக் கழுகு என்றார். ஒருவர் குரங்கு மூஞ்சிப் பறவை என்றார். ஒருத்தி, "சாவுக்குருவி, காலங்காத்தால ஏன் இதைப் போடறே, டெலிட் பண்ணு" என்று கோபித்துக்கொண்டாள். நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. டீச்சர் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அது கூகை. எனக்குத் தெரியும். வீடியோவை அனுப்பியவன் அந்தக் கேள்வியை என்னிடம் ஏன் கேட்டான் என்பதும் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவரிடமும் சொல்லாத ஒரு விஷயம் அதில் இருக்கிறது. அதை இன்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் அப்பாவைப் பற்றி. அவர் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1960களில் கோதுமைக் கப்பல்கள் வந்த காலம் அது. கோதுமை இருந்தால் எலி இருக்கும். ஷெட்டுகளில் பூனை அளவுக்குப் பெருச்சாளி ஓடும் என்பார். அந்த ஷெட்டுகளின் உத்தரத்தில்தான் கூகைகள் இருக்கும். அப்பா சொல்வார்: "ஷெட்டுக்கு ரெண்டு வாட்ச்மேனுமா. ஒருத்தன் கதவாண்ட தூங்குவான். இன்னொருத்தன் மேல முழிச்சிக்கினு இருப்பான். மேல இருக்கறவனுக்குச் சம்பளம் கிடையாது." அவருடைய செட்டில் யாரும் அந்தப் பறவைமேல் கல் எறிய மாட்டார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். நானோ ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, அறிவியல் பாடம் எடுத்தவள்.

1993. ராயபுரம் பக்கம் ஒரு பழைய பள்ளி. பெயர் வேண்டாம், அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். ஓட்டுக் கூரை, அதன் கீழே மரப்பலகை பாவிய மச்சு. என் ஐந்தாம் வகுப்புக்கு நேர் மேலே, சுவர் முகட்டில் ஒரு பலகை பெயர்ந்து துளை விழுந்திருந்தது. அதன் வழியாக ஒரு ஜோடி கூகை உள்ளே போய் வந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெள்ளையாக ஒன்று சத்தமே இல்லாமல் வெளியே வரும். சில ராத்திரிகளில் துணி கிழிகிற மாதிரி ஓர் அலறல். பக்கத்துத் தெருவில் புகார் சொன்னார்கள்.

தை மாதம் எங்கள் பள்ளி ஆயாவின் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். முந்தின ராத்திரி அந்த அலறலைக் கேட்டதாக ஆயா சொல்லி அழுதார். அதோடு எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். துளையை அடைத்துவிட வேண்டும் என்றார்கள். ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். ஸ்டாஃப் ரூமில் எல்லாரையும் வைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்டார்: "டீச்சர், நீங்க சயின்ஸ் எடுக்கறீங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்த வாரம் என் மாமியார் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மூச்சுத் திணறல். ராத்திரி முழுக்க நானும் நாத்தனாரும் மாறி மாறி விழித்திருந்தோம். அந்த நிலைமையில் எனக்கும் பயம் இருந்தது. ஆயா அழுததைப் பார்த்த பிறகு அது இன்னும் கூடியது. "அடைச்சிடலாம் சார்" என்றேன். விஷயம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது.

அன்று மதியம் என் வகுப்புப் பையன் ஒருவன் வந்து நின்றான். காசிமேட்டுப் பையன், அப்பா கடலுக்குப் போகிறவர். வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று நான் பலமுறை திட்டியிருக்கிறேன். "டீச்சர், உள்ள குஞ்சு கீது டீச்சர். சாயங்காலம் கேட்டா ஸ்ஸுன்னு மூச்சு விடுது. நாலஞ்சு இருக்கும்." நான் சொன்னேன்: "அது பாம்பா இருக்கும். போய் உட்காரு."

அந்த மாதம்தான் நான் உணவுச் சங்கிலி நடத்தியிருந்தேன். நெல், எலி, ஆந்தை என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு, ஆந்தை விவசாயியின் நண்பன் என்று எழுதிப்போட்டிருந்தேன். அவன் அதைத் தன் நோட்டில் படம் வரைந்து வைத்திருந்தான். போகாமல் நின்று கேட்டான்: "புக்குல ஒண்ணு, இங்க ஒண்ணா டீச்சர்?" நான் ஸ்கேலை எடுத்தேன். அடிக்கவில்லை. எடுத்ததே போதுமாக இருந்தது.

சனிக்கிழமை ஆசாரி வந்து பலகை அடித்துவிட்டுப் போனார்.

திங்கள்கிழமை சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். ஐந்தரை மணி இருக்கும். தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. பாம்பு இல்லை. பெருமூச்சு விடுகிற மாதிரி, ஒன்று முடிந்ததும் இன்னொன்று. பிள்ளைகள் எல்லாரும் மேலே பார்த்தார்கள். அவன் மட்டும் என்னைப் பார்த்தான். நான் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். செவ்வாய்க்கிழமையும் கேட்டது, கொஞ்சம் குறைவாக. தாய் தகப்பன் இரண்டும் காம்பவுண்டுச் சுவரில் வந்து உட்கார்ந்திருப்பதாகவும், ஒன்றின் வாயில் எலி இருப்பதாகவும் வாட்ச்மேன் சொன்னார். புதன்கிழமை சத்தம் இல்லை. அடுத்த வாரம் நாற்றம் வந்தது. வகுப்பில் சாம்பிராணி போட்டோம்.

ஆசாரியை மறுபடி கூப்பிட்டுப் பலகையைப் பிரிக்கச் சொல்ல எனக்கு இரண்டு முழு நாள் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் நான் முதலில் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். மாமியார் வேறு தேறி வந்துகொண்டிருந்தார்.

என் மாமியார் பிழைத்து, அதற்குப் பிறகு 11 வருஷம் இருந்தார். நம் உறவில் சிலர் இன்றைக்கும், "அந்த ஆந்தையை விரட்டின பிறகுதான் பெரியம்மா எழுந்து உட்கார்ந்தாங்க" என்று கல்யாண வீட்டில் சொல்வது உண்டு. நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். இன்று எழுத்தில் சொல்கிறேன்: அவரைக் காப்பாற்றியது ஸ்டான்லி டாக்டர்களும் ஆக்ஸிஜனும். அந்தக் குஞ்சுகள் செத்ததால் யாரும் பிழைக்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன், இந்தச் சாவுப் பேச்சு எப்படி வந்திருக்கும் என்று. வீட்டில் ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் நாம் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறோம். அப்போதுதான் கூகையின் சத்தம் காதில் விழுகிறது. மற்ற ராத்திரிகளிலும் அது கத்துகிறது, நாம் தூங்கிவிடுகிறோம். கத்தியும் யாரும் சாகாத ராத்திரிகளை எந்த வீட்டிலும் எண்ணி வைத்ததில்லை. வெள்ளை முகம், பாழடைந்த கட்டடம், இருட்டு எல்லாம் சேர்ந்து மீதியைச் செய்துவிட்டன. நம் ஊரில் மட்டும் இப்படி இல்லை. மலாய் மொழியில் ஆந்தைக்குப் பெயரே 'புருங் ஹந்து', பேய்ப் பறவை. 2017ல் விசாகப்பட்டினத்தில் கட்டுமானம் நடந்த ஓர் இடத்தில் மூன்று கூகைக் குஞ்சுகள் நிமிர்ந்து நின்றதை வீடியோ எடுத்து, வேற்றுக்கிரக மனிதர்கள் என்று உலகம் முழுக்கப் பரப்பினார்கள். உங்களில் இரண்டு பேர் எனக்கே அதை அனுப்பினீர்கள்.

இனி போன வருஷம் நடந்தது. நான் இப்போது மகனோடு திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மேல்மாடி. ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மொட்டை மாடியில் ஒரே காக்கைக் கூச்சல். போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டியின் இடுக்கில் ஒரு கூகை ஒடுங்கி நிற்கிறது. முப்பது காக்கை சுற்றி வந்து கொத்துகின்றன. வலிய பறவையான கூகையையும் பகலில் காக்கை வென்றுவிடும் என்று வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். எத்தனை வருஷம் அந்தக் குறளை ஒப்பிக்க வைத்திருப்பேன்! கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

அட்டைப் பெட்டியில் நாலு துளை போட்டு, பழைய துண்டால் அதைப் போர்த்தி உள்ளே வைத்தான் என் மகன். சாயங்காலம் இருட்டியதும் மொட்டை மாடியில் பெட்டியைத் திறந்தோம். அது நேராகப் பறந்து, நாலு கட்டடம் தாண்டிப் போய்விடும் என்று பார்த்தால், எங்கள் கட்டடத்தின் பைப் போகிற டக்டுக்குள் இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து பெருமூச்சு மாதிரி அந்தச் சத்தம் வந்தது.

எனக்கு முழங்கால் நடுங்கியது. மகன், "என்னம்மா, பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். டக்டின் மேல்பக்கம் வலை அடித்து மூடிவிடலாம் என்று செக்ரட்டரி சொன்னார். எச்சம், நாற்றம், சத்தம். அவர் சொன்னதில் பொய் இல்லை. இரண்டாவது மாடி அம்மா ஒருவர் எழுந்து, "எம் மருமக மாசமா இருக்கா. இதெல்லாம் வேணாம் டீச்சரம்மா" என்றார். அவர் முகத்தில் நான் பார்த்தது 1993ல் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்த என் முகத்தை. அதனால் அவரை மூடநம்பிக்கை என்று பேச எனக்கு வாய் வரவில்லை. ராயபுரத்தில் நடந்ததை அப்படியே சொன்னேன். அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, "ஆறு வாரம் கொடுங்க. குஞ்சு பறந்ததும் நானே செலவு பண்ணி சுத்தம் செஞ்சு வலை போட்டுத் தரேன்" என்றேன். அந்த அம்மாதான் முதலில் தலையாட்டினார்: "பொங்கல் முடியறவரைக்கும் இருக்கட்டும்."

(அவர் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக. அதற்கும் கூகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நல்லது நடந்ததையும் அதன் கணக்கில் எழுதக் கூடாது.)

அந்த ஆறு வாரம் நான் மறுபடி மாணவி ஆனேன். பேரன் பேத்தியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து மொட்டை மாடியில் தினம் ஒரு வகுப்பு. படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கூகையின் முகம் இதய வடிவத்தில் தட்டு மாதிரி இருக்கிறதே, அது அழகுக்காக இல்லை. நாம் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக் கேட்கிறோம் அல்லவா, அந்த வேலையை அதன் முகமே செய்கிறது. சத்தத்தை அள்ளிக் காதுக்கு அனுப்புகிறது. காதுகள் இறகுக்குள் மறைந்திருக்கும். அதில் ஒன்று சற்று மேலே, ஒன்று சற்று கீழே. இது எதற்கு என்று பிள்ளைகளுக்குப் புரிய ஒரு விளையாட்டு வைத்தேன். ஒருத்தியின் கண்ணைக் கட்டி, அவள் முகத்துக்கு நேராகத் தலைக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் விரலைச் சொடுக்கச் சொன்னேன். இடமா வலமா என்றால் உடனே சொல்லிவிட்டாள். மேலா கீழா என்றால் தடுமாறினாள். இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதால் நமக்கு அது கஷ்டம். கூகைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மேலும் கீழும் அதற்குத் துல்லியமாகத் தெரியும்.

அமெரிக்காவில் ரோஜர் பெய்ன் என்ற ஆய்வாளர் கும்மிருட்டு அறையில் காய்ந்த இலைகளைப் பரப்பி எலியை விட்டுப் பார்த்தார். கூகை சத்தத்தை வைத்தே எலியைப் பிடித்தது. ஒருவேளை வாசனையோ உடம்புச் சூடோ காட்டிக்கொடுத்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, எலிக்குப் பதில் ஒரு காகித உருண்டையை நூலில் கட்டி இலைகளுக்குள் இழுத்தார். கூகை அந்தக் காகிதத்தின்மேல் பாய்ந்தது. 1971ல் இந்த ஆய்வு கட்டுரையாக வந்தது. திமிங்கிலங்கள் பாடுகின்றன என்று உலகத்துக்குச் சொன்ன ரோஜர் பெய்னும் இவர்தான். பிறகு 1978ல் எரிக் நட்சனும் மசகாசு கொனிஷியும் கூகையின் மூளைக்குள், எந்தத் திசைச் சத்தத்துக்கு எந்த நரம்பணு என்று ஒரு வரைபடம் போலவே அமைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் அந்தச் சத்தமில்லாத பறத்தல். சிறகின் முன் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய பற்கள் உண்டு. மேலே வெல்வெட் மாதிரி மெத்து. காற்று கிழிபடாமல் வழிந்து போகிறது. தன் சிறகுச் சத்தம் தன் காதையே மறைத்துவிடாமல் இருக்கவும் இது உதவுகிறது. கண்களைக் குழிக்குள் உருட்ட முடியாது, அதனால்தான் கழுத்தைத் திருப்புகிறது. நமக்குக் கழுத்தெலும்பு 7, அதற்கு 14.

டக்டின் அடியில் கறுப்பாக, விரல் நீளத்துக்கு உருண்டைகள் விழுந்து கிடந்தன. முதலில் எச்சம் என்று மூக்கைப் பொத்தினார்கள். எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி வாய் வழியாகக் கக்குகிறது. கையுறை போட்டு, ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பல்குச்சியால் பிரித்தோம். மூன்று மண்டை ஓடு. முன்பல் மஞ்சளாக உளி மாதிரி இருந்தவை எலி. நீண்ட கூர்த்தாடையோடு இருந்தது மூஞ்சூறு. மயிலாடுதுறைப் பக்கம் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரி டெல்டாவில் இதே போல உருண்டைகளைப் பிரித்துப் பிரித்துத்தான், கூகையின் சாப்பாட்டில் பெரும்பகுதி எலி என்று காட்டினார்கள். மன்னார்குடிப் பக்கம் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் வயலில் 'டி' வடிவில் பறவை தாங்கி நடுகிறார்களே, ராத்திரியில் அதில் வந்து உட்காருவது இந்த விருந்தாளிதான். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே கூண்டு வைத்துக் கூகையை வளர்க்கிறார்கள். இஸ்ரேலில் 1983ல் ஒரு கூட்டுப் பண்ணையில் தொடங்கிய கூண்டு வைக்கும் வேலையில், பின்னால் ஜோர்டான், பாலஸ்தீன விவசாயிகளும் சேர்ந்தார்கள். எலிக்கு எல்லைக்கோடு தெரியாது, கூகைக்கும் தெரியாது.

நம் வடசென்னையில் கூகை ஏன் இருக்கிறது என்றும் பிள்ளைகள் கேட்டார்கள். அதற்கு இரண்டே தேவை. ராத்திரிக்கு எலி, பகலுக்கு இருட்டான ஒரு பொந்து. துறைமுகமும் கிடங்குகளும் மீன் சந்தையும் குப்பை மேடும் எலியைத் தருகின்றன. பழைய கட்டடங்களும் கோபுரங்களும் காலியான குவார்ட்டர்ஸும் பொந்தைத் தந்தன. 1856ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷன் காலத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. புதிதாகக் கட்டுவதில் முகடு இல்லை, உத்தரம் இல்லை. அதனால்தான் அது எங்கள் டக்டுக்கு வந்தது. மீதி இருப்பதற்கு எலிமருந்து ஆபத்து. ரத்தம் உறையாமல் செய்கிற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடி வெளியே வரும். அதைத் தின்கிற கூகைக்கும் அந்த விஷம் போய்ச் சேரும்.

மகன் ஒரே ஒரு தடவை, பெரிய பறவைகள் வெளியே போன நேரம் பார்த்து, போனைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் படம் எடுத்தான். நாலு குஞ்சுகள். ஒன்றுக்கொன்று அளவு வேறு, படிக்கட்டு மாதிரி. கூகை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டை இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் முதல் குஞ்சு வெளியே வந்து பல நாள் கழித்துத்தான் கடைசிக் குஞ்சு வரும். எலி நிறையக் கிடைத்தால் எல்லாம் பிழைக்கும். குறைந்தால் கடைசி போய்விடும்.

இங்கேதான் நான் படித்த ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. சுவிட்சர்லாந்தில் அலெக்ஸாந்தர் ரூலின் என்பவர் வருஷக்கணக்காகக் கூகைக் குடும்பங்களைக் கவனித்தவர். இரை வருவதற்கு முன்பே குஞ்சுகள் தங்களுக்குள் குரல் கொடுத்து, யாருக்கு அதிகப் பசி என்று பேசி முடித்துக்கொள்கின்றன என்கிறார். அதிகப் பசியோடு கத்துகிறதற்கு மற்றவை விட்டுக்கொடுக்கின்றன. சில சமயம் மூத்தது தன் பங்கை எடுத்து இளையதற்குக் கொடுக்கிறது. அதையும் அவருடைய குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்தத் திங்கள்கிழமை சாயங்காலம் என் தலைக்கு மேலே கேட்டது என்ன பேச்சு என்று இப்போது எனக்குத் தெரியும். வராத எலிக்காக அதுகள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருந்தன. கீழே நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் டக்டில் கடைசிக் குஞ்சு பாதியில் காணாமல் போய்விட்டது. மூன்று வளர்ந்து, பொங்கல் கழித்து ஒவ்வொன்றாக வெளியே வந்து மதில்மேல் உட்கார்ந்து சிறகடித்துப் பழகின. அதில் ஒன்று மறு வாரம் எண்ணூர் விரைவுச் சாலை ஓரம் அடிபட்டுக் கிடந்ததாகப் பால்காரர் வந்து சொன்னார். தாழப் பறந்து இரை தேடும் பறவை, கன்டெய்னர் லாரி ஓடும் சாலை. இரண்டு மிச்சம். சொன்னபடி என் பென்ஷன் காசில் டக்டைக் கழுவி வலை போட்டேன். மொட்டை மாடி மூலையில் மகன் ஒரு மரப்பெட்டி அடித்து வைத்திருக்கிறான். செக்ரட்டரியே ஆணி பிடித்தார். இதுவரை அதில் புறாதான் குடியிருக்கிறது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பகலில் கூகை விழுந்து கிடந்தால் காக்கையை விரட்டி, இருட்டான அட்டைப் பெட்டியில் வையுங்கள். பாலோ சோறோ ஊட்ட வேண்டாம். காயம் இருந்தால் வனத்துறைக்கோ புளூ கிராஸுக்கோ சொல்லுங்கள். இல்லையென்றால் சாயங்காலம் திறந்து விடுங்கள். பிடிப்பதும் விற்பதும் கொல்வதும் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எந்தத் துளையை அடைப்பதற்கு முன்னாலும் சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் அதன் கீழே நின்று காது கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக, கிரேன் ஓட்டுகிற என் பிள்ளைக்கு.

நீ வீடியோவை விளையாட்டாக அனுப்பினாயா, நினைவு வைத்து அனுப்பினாயா என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில் நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. நீ சொன்னது சரி. உள்ளே குஞ்சு இருந்தது. பாம்பு என்று நான் சொன்னது பொய். சொல்லும்போதே அது எனக்குத் தெரியும். புத்தகத்தில் ஒன்று, இங்கே ஒன்றா என்று நீ கேட்டதுதான் 36 வருஷ சர்வீஸில் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி. அதற்கு நான் ஸ்கேலை எடுத்தேன். ஐம்பது பிள்ளைகள் முன்னால் எடுத்ததால் இன்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

அடுத்த தடவை நைட் ஷிஃப்டில் அது வந்து உட்கார்ந்தால் விளக்கை முகத்தில் அடிக்காதே. தூரத்திலிருந்து பார். டீச்சருக்கு யாரென்று தெரிந்துவிட்டது என்று சொல்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
திருவொற்றியூர்